நாரும் சாந்தும்: வலிமை பிறக்கும் இடம்

அறக்கட்டளைச் சொற்பொழிவு, பெரியகுளம்



கட்டடத் தொழில் சார்ந்த ஒரு பொருளைத் தமிழில், தொழில் செய்கிறவர்களுக்கும் விளங்கும்படி பேச வேண்டும் என்று இந்த அறக்கட்டளையார் கேட்டிருந்தார்கள். நார் கலந்த சாந்து என்ற பொருளை எடுத்துக்கொண்டேன். இன்று சிமெண்ட் கடைக்குப் போனால் மூட்டைக்கு ஒரு பொட்டலம் என்று நார் விற்கிறார்கள். வாங்கிப் போட்டால் வெடிப்பு வராது என்கிறார்கள். சில வீடுகளில் அந்தச் சொல் பலிக்கிறது. சில வீடுகளில் அதே பொட்டலம் போட்டும் மூன்றாம் நாளே பூச்சில் கோடு விழுகிறது. இரண்டு வீட்டிலும் நார் ஒன்றே. மாறியது மணலும் தண்ணீரும் கலந்த முறையும். நாரின் பலன் நாரில் மட்டும் இல்லை, அது போய்ச் சேரும் சாந்திலும் அதைச் சேர்க்கும் கையிலும் இருக்கிறது என்பதே நான் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

1. நம் பள்ளத்தாக்கின் பெரிய சாந்து

பழைய மதுரை மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கு பெரியகுளம் தாலுகாவுக்குள் அடங்கியிருந்தது. அந்தப் பள்ளத்தாக்கின் வாழ்வை மாற்றிய முல்லைப் பெரியாறு அணை 1887 முதல் 1895 வரை பொறியாளர் ஜான் பென்னிகுயிக் தலைமையில் கட்டப்பட்டது. 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு அதைத் திறந்துவைத்தார். 1,200 அடி நீளம், 155 அடி உயரம். அணையின் முகப்புகள் கருங்கல் கட்டு. உள்ளே நிரம்பியிருப்பது சுண்ணாம்பும் சுர்க்கியும் மணலும் சேர்ந்த சாந்தில் உடைகல் கலந்து போட்ட காங்கிரீட். அந்தச் சாந்தில் நார் கிடையாது. ஆனாலும் சாந்தைப் பற்றிப் பேச இந்த வட்டாரத்தில் அதைவிடப் பெரிய பாடநூல் இல்லை.

வெறும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கித்தான் இறுகும். அணையின் நடு உடலுக்குக் காற்று எங்கே போகும்? அங்கே சுர்க்கி தேவைப்பட்டது. சுர்க்கி என்பது சுட்ட களிமண்ணின் தூள், செங்கல் தூள். சரியான சூட்டில் வெந்த களிமண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் தண்ணீரின் துணையோடு சுண்ணாம்புடன் வினைபுரிந்து, நீருக்கடியிலும் இறுகும் ஒரு பிணைப்பைத் தருகின்றன. செங்கல் அளவுக்கு மீறி வெந்துபோனால் அந்தத் தூள் வெறும் மணலாகிவிடும், வினை நடக்காது. மூலப்பொருளின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அது பிறந்த சூடு மாறினால் குணம் மாறும் என்பது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் அரைப்பது. சுண்ணாம்பையும் சுர்க்கியையும் கொட்டிக் கிளறினால் போதாது. வட்டமான பள்ளத்தில் கல் உருளையை மாடு இழுக்க, சாந்து மைபோல் ஆகும்வரை அரைத்தார்கள் நம் பழைய கொத்தர்கள். நுண்ணிய துகளோடு நுண்ணிய துகள் நெருங்கினால்தான் வினை முழுமை பெறும். அரைவை குறைந்த சாந்தில் சுண்ணாம்பு வினைபுரியாமல் தங்கிவிடும்.

தங்கிய சுண்ணாம்பு என்ன செய்யும் என்பதையும் அந்த அணையே காட்டியது. காலப்போக்கில் உள்ளே கசிந்த நீர் தளர்வான சுண்ணாம்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்தது. அதைத் தடுக்கத் துளையிட்டுச் சிமெண்ட் குழம்பு செலுத்தினார்கள். 1979-க்குப் பின் தமிழ்நாடு பொதுப்பணித் துறை அணையின் தலையில் ஆர்.சி.சி. தொப்பி போட்டது, எஃகு வடங்களால் அணையைப் பாறையோடு நங்கூரமிட்டது, பின்புறத்தில் காங்கிரீட் அணைப்புக் கொடுத்தது. வினைபுரியாமல் தங்கும் சுண்ணாம்பு சாந்தின் பலவீனம் என்பது மூன்றாவது பாடம். இந்த மூன்றாவது பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாழை நாரைப் பற்றிப் பேசும்போது அது மறுபடி தேவைப்படும்.

2. சாந்து ஏன் வெடிக்கிறது

இறுகிய சாந்து அழுத்தத்தைத் தாங்கும். இழுப்பைத் தாங்காது. அதன் இழுவிசை வலிமை அழுத்த வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஈரம் உலரும்போது சாந்து சுருங்கப் பார்க்கிறது, பின்னாலிருக்கும் செங்கல் சுவர் விடுவதில்லை. அந்த இழுபறியில் சாந்து அறுகிறது.

இந்த அறுப்பு இரண்டு காலங்களில் நடக்கும். முதலாவது, பூசிய சில மணி நேரத்துக்குள். சாந்து இன்னும் பச்சையாக, வலிமை எதுவும் இல்லாமல் இருக்கும் நேரம் அது. மேற்பரப்பிலிருந்து தண்ணீர் ஆவியாகும் வேகம், உள்ளிருந்து தண்ணீர் மேலே வரும் வேகத்தைத் தாண்டினால் மேல்தோல் சுருங்கிக் கிழியும். ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து மணிக்கு 1 கிலோ தண்ணீர் ஆவியாகும் நிலை வந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் அளவு. இரண்டாவது, நாட்களும் வாரங்களும் கடந்து உள்ளீரம் உலரும்போது வரும் சுருக்கம்.

நம் ஊரில் முதல் வகைதான் அதிகம். காரணம் காற்று. தென்மேற்குப் பருவத்தில் மலை இடைவெளி வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கும் காற்றை நம்பித்தான் தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. காற்றாலையைச் சுழற்றும் அதே காற்று, ஆடி மாதம் பகல் பதினொரு மணிக்குப் பூசிய மேற்குச் சுவரின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. சுவரை நனைக்காமல் பூசினால் செங்கல் பின்பக்கம் தண்ணீரைக் குடிக்கும், காற்று முன்பக்கம் குடிக்கும். 12 மில்லி மீட்டர் கனமுள்ள பூச்சு நடுவில் நின்று தவிக்கும்.

நார் செய்யும் வேலையும் இந்த இரண்டு காலத்துக்கும் வேறு வேறு. பச்சைச் சாந்தில் நுண்ணிய நார்கள் வலைபோல் பரவி, நீரும் துகளும் பிரிவதைக் குறைத்து, வெடிப்பு திறக்கும் முன்பே பிடித்துக்கொள்கின்றன. இறுகிய சாந்தில் வெடிப்பு வந்தபின் அதன் இரு கரைகளையும் பாலம்போல் இணைத்து நிற்பது நீளமும் உறுதியும் கூடிய நார். வெடிப்பே வராமல் செய்வது நாரின் வேலை இல்லை. ஒரு பெரிய வெடிப்பாக வர வேண்டியதைக் கண்ணுக்கும் நீருக்கும் எட்டாத பல மயிரிழைகளாகப் பிரித்துவிடுவதே அதன் வேலை. எந்த வேலைக்கு நார் வேண்டும் என்று தீர்மானிக்காமல் நார் வாங்குவதில் பயனில்லை.

3. எத்தனை நார், எந்த நார்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிமெண்ட் மூட்டைக்கு 125 கிராம் என்று விற்கும் பாலியஸ்டர் நாரை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 12 மில்லி மீட்டர், தடிமன் 0.03 மில்லி மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராமில் ஏறத்தாழ 87,000 நார்கள் இருக்கும். ஒரு பொட்டலத்தில் ஒரு கோடிக்கு மேல். ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல் என்ற கலவையில் ஒரு மூட்டைக்குக் கிடைக்கும் சாந்தில் அதைப் பரப்பினால், ஒரு கன சென்டிமீட்டருக்கு எண்பது நார்களுக்கு மேல் வரும். கன அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத பொருள் அது. எண்ணிக்கையால்தான் வேலை செய்கிறது.

அதே எடைக்குத் தென்னை நாரைப் போட்டால்? தடிமன் 0.2 மில்லி மீட்டர், நீளம் 20 மில்லி மீட்டர் என்றால் ஒரு கிராமில் ஏறத்தாழ 1,300 நார்கள்தான். கன சென்டிமீட்டருக்கு ஒன்று அல்லது இரண்டு. பச்சைச் சாந்தின் நுண்வெடிப்பைத் தடுக்க அது போதாது. ஆனால் பின்னாளில் வெடித்த சாந்தைப் பிடித்து நிற்க, அறுபடாமல் நீண்டு கொடுக்க, தென்னை நாருக்கு உள்ள தாராளம் பல நார்களுக்கு இல்லை. ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எடைக்கு எடை மாற்றிப் போடுவது தவறு.

நார் தன் முழு வலிமையையும் காட்டச் சாந்துக்குள் போதிய நீளம் புதைந்திருக்க வேண்டும். நீளம் குறைந்தால் சுலபமாக உருவிக்கொண்டு வந்துவிடும். நீளம் கூடினால் கலக்கும்போதே ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். பிடிப்பு அளவுக்கு மீறி இறுகினால் நார் உருவாமல் பட்டென்று அறுந்துவிடும், அப்போது சாந்து மறுபடி கண்ணாடிபோல் உடையும். மெல்ல மெல்ல உராய்ந்து உருவி வரும் நார்தான் அதிக ஆற்றலை விழுங்குகிறது. எஃகு நார்களின் நுனியை வளைத்துக் கொக்கி வைப்பது அறுபடாமல் சிரமப்பட்டு உருவி வரவேண்டும் என்பதற்காகவே.

சாந்து வெடித்தபின்னும் சுமை தாங்க வேண்டுமென்றால் எஃகு நார் உதவும். சாந்தைவிடப் பலமடங்கு விறைப்பு அதற்கு. 1963-இல் அமெரிக்காவில் ரொமுவால்டியும் பாட்சனும் எஃகு நார்களின் இடைவெளியைக் குறைத்தால் வெடிப்பு பரவுவது தடைபடும் என்று எழுதிய ஆய்வே நவீன நார்க் காங்கிரீட்டுக்கு வாசல் திறந்தது. கண்ணாடி நாரின் கதையில் ஓர் இந்தியப் பெயர் இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி நாரைச் சிமெண்டின் காரம் தின்றுவிடும். பிரிட்டனில் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய இந்திய விஞ்ஞானி ஏ.ஜே. மஜும்தார், சிர்க்கோனியா சேர்த்த கண்ணாடி காரத்தைத் தாங்கும் என்று 1960-களில் காட்டினார். இன்று மாடி முகப்புகளில் தொங்கும் கண்ணாடி நார்ச் சிமெண்ட் அலங்காரங்கள் எல்லாம் அந்த ஆய்வின் பிள்ளைகள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் விக்டர் லீ 1990-களில் உருவாக்கிய வளையும் காங்கிரீட்டில் கன அளவில் ஏறத்தாழ 2 சதவீதம் நார்தான். கல் ஜல்லி இல்லை, மணலும் நுண்மையானது. சாதாரணக் காங்கிரீட் தாங்கும் நீட்சியைப்போல் சில நூறு மடங்கு அது நீண்டு கொடுக்கிறது. நாருக்கு ஏற்ற சாந்தை வடிவமைத்ததே அந்த வெற்றி.

நார்ச் சிமெண்டின் பழைய வடிவம் நம் கூரைகளில் இருக்கிறது. ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக் 1900-ஐ ஒட்டி உருவாக்கிய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தகடு உலகையே மூடியது. அந்தத் தூசு நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் தரும் என்று தெரிந்தபின் பல நாடுகள் அதைத் தடை செய்தன. நார் என்றால் உடனே நன்மை என்று எண்ணக்கூடாது என்பதற்கு அந்தத் தகடே சாட்சி. பழைய தகட்டை உடைக்கும்போதும் அறுக்கும்போதும் மூக்கை மூடிக்கொள்ளுங்கள், நனைத்துவிட்டுக் கழற்றுங்கள் என்று இங்குள்ள தொழிலாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

4. வாழையும் தென்னையும் தரும் நார்

இனி நம் மண்ணுக்கு வருவோம். சின்னமனூர், கம்பம் பக்கம் வாழை, எங்கும் தென்னை. தார் வெட்டியபின் வயலிலேயே அழுகும் வாழை மட்டையிலிருந்து நார் எடுக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. இந்த நாரைச் சாந்தில் போட முடியுமா என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. மண் சுவருக்கு வைக்கோல் கூளம் மிதித்துச் சேர்த்த மரபு நம்முடையது. முடியும். ஆனால் மூன்று தடைகளைத் தாண்ட வேண்டும்.

முதல் தடை இனிப்பு. வாழை மட்டையின் சாற்றில் சர்க்கரை இருக்கிறது, தென்னை நாரில் துவர்ப்புச் சத்து இருக்கிறது. சிமெண்ட் எடையில் 0.05 சதவீதம் சர்க்கரை, அதாவது 50 கிலோ மூட்டைக்கு 25 கிராம் சேர்ந்தாலே சாந்து இறுகுவது சில மணி நேரம் தள்ளிப்போகும். ஒரு சதவீதத்தை நெருங்கினால் சாந்து இறுகவே மறுக்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சுண்ணாம்புச் சாந்தில் விட்டுப் பெரிய கோயில்களையும் அரண்மனைகளையும் பூசினார்கள் நம் முன்னோர். சுண்ணாம்புக்கு அது குழைவைத் தந்தது. அதே பழக்கத்தைச் சிமெண்டுக்குக் கொண்டுவரக் கூடாது. பழைய முறை என்ற மரியாதையால் வெல்லத் தண்ணீரைச் சிமெண்ட் பூச்சில் விடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாரைக் கொதிநீரில் போட்டு, சாயம் இறங்குவது நிற்கும்வரை அலசி உலர்த்தினால் இந்தத் தடை பெரும்பாலும் நீங்கும்.

இரண்டாம் தடை தண்ணீர். தென்னை நார் தன் எடையளவுக்கும் அதற்கு மேலும் தண்ணீரைக் குடிக்கும். உலர்ந்த நாரைக் கலவையில் போட்டால் சிமெண்டுக்குப் போக வேண்டிய தண்ணீர் நாருக்குள் போய்விடும், கலவை விறைக்கும், சித்தாள் இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றுவார், சாந்து கெடும். இதோடு முடியவில்லை. ஈரத்தில் உப்பிய நார் பிறகு உலர்ந்து மெலியும்போது நாருக்கும் சாந்துக்கும் நடுவே இடைவெளி விழும். ஆகவே நாரை முன்னாலேயே ஊறவைத்து, மேல் தண்ணீர் வடிந்து, உள்ளே மட்டும் ஈரம் இருக்கும் பதத்தில் போட வேண்டும்.

மூன்றாம் தடைதான் பெரியது, காரம். சிமெண்ட் சாந்தின் உள்நீர் கடுமையான காரம் உடையது. தாவர நாரில் உள்ள செல்லுலோஸ் இழைகளை ஒட்டி வைத்திருக்கும் லிக்னினையும் அதன் கூட்டாளிகளையும் அந்தக் காரம் கரைக்கிறது, நாரின் உட்புறத்தில் சுண்ணாம்பு படிகிறது, நார் மொறுமொறுப்பாகி உதிர்கிறது. ஸ்வீடனில் ஹான்ஸ் கிராம் 1983-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. முதல் மாதத்தில் வளைந்து கொடுத்த தாவர நார்த் தகடு, சில வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்தபின் வெறும் சிமெண்ட் தகடுபோலவே ஒடியும். லிக்னின் 40 சதவீதத்துக்கு மேல் உள்ள தென்னை நாருக்கும், செல்லுலோஸ் மிகுந்த வாழை நாருக்கும் கெடும் வேகத்தில் வேறுபாடு உண்டு. ஆனால் இரண்டும் தப்புவதில்லை.

அணையின் மூன்றாவது பாடம் இங்கே உதவிக்கு வருகிறது. சிமெண்ட் நீரோடு வினைபுரியும்போது வெளிப்படும் சுண்ணாம்பை யாராவது பிடித்துக்கொண்டால் நார் பிழைக்கும். சுர்க்கி அதைத்தான் செய்கிறது. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டும் ஓரளவு அதைத்தான் செய்கிறது. இன்று உலகம் முழுவதும் பேசப்படும் சுண்ணாம்புக்கல் – சுட்ட களிமண் சிமெண்டில் கிளிங்கர் பாதிதான், மீதியில் பெரும்பங்கு 700 முதல் 850 டிகிரி வரை சுட்ட களிமண். சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்ப நிறுவனத்தோடு ஐ.ஐ.டி. டெல்லி, ஐ.ஐ.டி. சென்னை ஆகியவை சேர்ந்து வளர்த்த இந்தச் சிமெண்டுக்கு 2023-இல் இந்தியத் தர நிர்ணயம் வந்துவிட்டது. பெரியாற்றில் பயன்பட்ட அறிவு ஆய்வகம் சென்று திரும்பியிருக்கிறது என்றே நான் இதைப் பார்க்கிறேன். தாவர நாருக்குச் சரியான துணை இத்தகைய சுண்ணாம்பு குறைந்த சாந்துதான். சாம்பல் எதுவும் கலக்காத சாதாரண ஓ.பி.சி. சிமெண்டில் வாழை நாரைப் போட்டு 28-ஆம் நாள் சோதித்து வெற்றி என்று எழுதுகிற ஆய்வேடுகள், நனைத்தும் உலர்த்தியும் பல சுற்று ஓட்டியபின் என்ன ஆனது என்பதையும் எழுத வேண்டும்.

5. கலக்கும் முறை

இனிச் சொல்லப்போவது கொத்தனார்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் நேரடியாக.

மணலிலிருந்து தொடங்குங்கள். ஆற்று மணல் அரிதாகி, பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வந்துவிட்டது. அதன் துகள்கள் கூர்மையானவை. கல் தூசு அதிகமானால் தண்ணீர் அதிகம் கேட்கும், தண்ணீர் அதிகமானால் சுருக்கம் அதிகமாகும், பிறகு எந்த நார் போட்டும் பயனில்லை. பூச்சுக்கென்று கழுவிப் பிரித்த பி-சாண்ட் வாங்குங்கள், சலித்தே போடுங்கள். பெரிய துகள் இருந்தால் அது நாரை ஒதுக்கித் தள்ளி ஓரிடத்தில் குவிய வைக்கும். ஈர மணல் உப்பும், 20 முதல் 30 சதவீதம் வரைகூட. சட்டி எண்ணிப் போட்டால் ஈர மணலில் மணல் குறைந்து சிமெண்ட் விகிதம் கூடிவிடும். சிமெண்ட் கூடினால் பலம் கூடும் என்று நினைக்கிறோம். பூச்சில் சிமெண்ட் கூடினால் கூடுவது சுருக்கமும் வெடிப்பும்தான். அளவுப் பெட்டி வைத்து, ஈரத்துக்கு ஈடுகொடுத்து அளக்க வேண்டும்.

அடுத்து வரிசை. மணலும் சிமெண்டும் முதலில் உலர்ந்த நிலையில் ஒரே நிறம் வரும்வரை கலக்கட்டும். பிறகு தண்ணீரில் பெரும்பகுதி. கலவை குழைந்து ஓடத் தொடங்கியதும் நார். உப்புமாவுக்கு ரவையைத் தூவுவதுபோல், ஒரு கை கிளறிக்கொண்டே இருக்க, மறு கை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துப் போட வேண்டும். பொட்டலத்தைக் கிழித்து மொத்தமாகக் கவிழ்த்தால் நார் உருண்டை கட்டும். உருண்டைக்குள் சிமெண்ட் புகாது. அந்த உருண்டை சுவரில் ஒரு பொக்கு, அதைச் சுற்றி நாரே இல்லாத சாந்து. ஒரு கோடி நார் போட்டும் வெடிப்பு வருவதற்கு முக்கியக் காரணம் இது. மெஷின் இல்லாமல் கையால் கலக்கும் இடத்தில், செயற்கை நாரை உலர்ந்த மணலோடு முதலில் புரட்டுவது நல்லது. மணல் துகள்கள் நார்க் கொத்தைப் பிரித்துவிடும். எந்த முறையானாலும் தரையில் மண்ணோடு கலக்காமல் இரும்புத் தகட்டின் மேல் கலக்க வேண்டும்.

நேரமும் கணக்கு. குறைவாகக் கலந்தால் நார் பிரியாது. அளவுக்கு மீறிச் சுழற்றினால் கண்ணாடி நார் ஒடிந்து தூளாகும். ஆகவே கண்ணாடி நாரைக் கடைசியில் போட்டு, மெதுவான வேகத்தில், ஓரிரு நிமிடத்தில் நிறுத்திவிட வேண்டும். எஃகு நாரும் பாலிப்ரோப்பிலீன் நாரும் அந்த அளவுக்கு ஒடியாது. ஆனால் பாலிப்ரோப்பிலீன் தண்ணீரைவிட லேசானது, கலவை தளர்ந்துவிட்டால் மேலே மிதக்கும். சுழலும் உருளையைவிடத் துடுப்புள்ள தட்டு மிக்ஸர் நார்ச் சாந்துக்கு ஏற்றது.

பலரும் தவறும் இடம் தண்ணீர். நார் போட்டதும் கலவை பார்வைக்கு விறைப்பாகத் தெரியும். அந்த விறைப்பைக் கண்டு தண்ணீர் ஊற்றுவது, நாரால் வரும் நன்மையை அந்தக் கணமே கழுவிவிடுவது. நார்ச் சாந்து தட்டில் நிற்கும்போது முறுக்கிக்கொண்டிருக்கும், கரண்டி பட்டால் இளகும். அசையாமல் வைத்து அளக்கும் ஸ்லம்ப் சோதனை அதனால் தப்பான விடை தரும். தட்டை அதிர்த்துச் சாந்து பரவும் அகலத்தை அளக்கும் ஃப்ளோ டேபிள் சோதனை சரியான விடை தரும். உண்மையிலேயே இளக்கம் போதவில்லை என்றால் தண்ணீருக்குப் பதில் சாந்தை இளக்கும் பிளாஸ்டிசைசர் சேர்க்க வேண்டும், அதையும் முதலில் போடும் தண்ணீரிலேயே அளந்து சேர்க்க வேண்டும். தண்ணீர் விட்ட 2 மணி நேரத்துக்குள் சாந்தைத் தீர்க்க வேண்டும். விறைத்த சாந்தை மறுபடி தண்ணீர் தெளித்துக் கிளறிப் பூசக் கூடாது.

பூசும் கையும் நாரின் பலனைத் தீர்மானிக்கிறது. கரண்டியால் அழுத்தித் தேய்க்கும்போது நார்கள் சுவருக்கு இணையாகப் படிகின்றன, சுருக்கம் இழுக்கும் திசையும் அதுதான். ஆகவே நன்றாக அழுத்திப் பூசிய சாந்தில் அதே நார் கூடுதலாக உழைக்கிறது. மேலே சிமெண்ட் பால் தேய்த்து மினுக்கும் பழக்கத்தை விடுங்கள். நாரே இல்லாத அந்த மெல்லிய தோலில்தான் முதல் வெடிப்பு பிறக்கிறது.

கடைசியாக க்யூரிங், அதாவது பூச்சை ஈரமாக வைத்திருப்பது. காற்றுக் காலத்தில் மேற்குச் சுவரைக் காலை வெயில் ஏறுமுன் அல்லது மாலையில் பூசுங்கள், ஈரச் சாக்குத் திரை கட்டுங்கள். பச்சைப் பூச்சில் நார் வேலை செய்வது முதல் சில மணி நேரம். அதன்பின் சாந்து தன் வலிமையைத் தண்ணீரிலிருந்துதான் பெற வேண்டும். ஓ.பி.சி. என்றால் குறைந்தது 7 நாள், பி.பி.சி. என்றால் 10 நாள் நனைக்க வேண்டும். சுர்க்கியோ சாம்பலோ கலந்த சாந்து மெதுவாக வினைபுரியும். அதற்கு ஈரம் நிறுத்தப்பட்ட நாளில் வளர்ச்சியும் நின்றுவிடும்.

6. எதற்கு உதவும், எதற்கு உதவாது

நார்ச் சாந்தைச் சோதிக்கும்போது கனசதுரத்தை நசுக்கிப் பார்த்து, வலிமை கூடவில்லையே என்று ஏமாறுகிறவர்கள் உண்டு. நார் அழுத்த வலிமையைக் கூட்டுவதற்காகச் சேர்க்கப்படுவதில்லை. நார் கூடும்போது காற்றுக் குமிழ் சிக்கி அது சற்றுக் குறையவும் செய்யலாம். வளைத்துப் பார்க்க வேண்டும். முதல் வெடிப்புக்குப் பிறகு எவ்வளவு நேரம், எவ்வளவு சுமையைப் பிடித்து நிற்கிறது என்பதே நாரின் மதிப்பெண்.

அஸ்திவாரம் இறங்கியதால் வரும் வெடிப்பையோ, கம்பி போடாத லிண்டல் தொங்குவதையோ, ஈரம் ஏறும் சுவரையோ பூச்சு நார் சரிசெய்யாது. கம்பியின் இடத்தைப் பொட்டல நார் பிடிக்காது. சுவரும் காங்கிரீட் தூணும் சேரும் இடத்தில் கோழி வலை அடிப்பதை நார் போட்டதால் நிறுத்திவிட முடியாது. அவரவர் வேலையை அவரவர் செய்ய வேண்டும்.

உதவும் இடங்கள் நம் பகுதியில் ஏராளம். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் உட்பூச்சு, மொட்டைமாடித் தளம், பாசனக் கால்வாய்களின் கரைப் பூச்சு, மெல்லிய கூரை ஓடு, தோட்டத் தொட்டி. வாழை, தென்னை நார்களுக்குப் பொருத்தமானவை ஓடு, தடுப்புப் பலகை, தோட்டத் தொட்டி போன்ற உயிருக்கு ஆபத்தில்லாத, மாற்றிப் போடக்கூடிய பொருட்கள். அங்கிருந்து தொடங்கலாம். தண்ணீர் எப்போதும் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் தாவர நாரை இப்போதைக்குத் தவிர்ப்பதே முறை.

7. வேண்டுகோள்

இந்த ஊரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. ஒருவரிடம் நார் இருக்கிறது, மற்றவரிடம் சோதனை இயந்திரம் இருக்கிறது. இருவரும் சேர்ந்து உள்ளூர்ச் செங்கல் சூளைத் தூள், உள்ளூர் எம்-சாண்ட், உள்ளூர் வாழை நார் ஆகியவற்றைக் கொண்டு சாந்து செய்து, நம் வெயிலிலும் நம் மழையிலும் சில ஆண்டுகள் கிடத்திச் சோதிக்க வேண்டும். முடிவு எதுவானாலும், தோல்வியானாலும், தமிழில் வெளியிட வேண்டும். கொத்தனாருக்குப் போய்ச் சேராத ஆய்வு சுவருக்கும் போய்ச் சேராது.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு சொல். நார்ப் பொட்டலத்துக்குக் கொடுக்கும் பணத்தோடு ஓர் அளவுப் பெட்டிக்கும், ஒரு சல்லடைக்கும், கலவை ஆளுக்கு இன்னும் சில நிமிட நேரத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். கொத்தனார்களுக்கு ஒரு சொல். புது நாரோ புது மணலோ வந்தால் நேரே சுவரில் பூசாமல், பின்கட்டுச் சுவரில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பூசி ஒரு வாரம் பாருங்கள். அது சொல்வதை நம்புங்கள்.

நல்ல நாரும் நல்ல சிமெண்டும் கடையில் கிடைக்கும். நல்ல சாந்தை மட்டும் வேலை நடக்கும் இடத்தில், கவனமுள்ள மனிதர்கள்தான் செய்ய முடியும். அந்தக் கவனத்துக்கு உரிய கூலியையும் மரியாதையையும் நாம் கொடுத்தாக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.